பசுவுக்குப் போகவேண்டிய கொள்ளு

என் மாமாவின் மார்பு இரண்டு விரற்கடை குறைவு என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் விடாமல் கொள்ளு வெந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எங்கள் அம்மாவை அறியாதவர்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் குத்தம்பாக்கம். யுத்தம் எங்கே நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆவடியில் நடக்கிறது என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். பட்டாளத்து லாரிகள் எல்லாம் பூந்தமல்லி ரோட்டில் வந்து அந்தப் பக்கம்தான் திரும்பின. சாயங்காலம் காற்று வடக்கிலிருந்து அடித்தால் குண்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டதெல்லாம் ஏரிக்கரைத் தவளைகள்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது பித்தளை அண்டா, குத்துவிளக்கு இவற்றோடு இடுப்பில் மாமாவையும் சுமந்துகொண்டு வந்தாளாம். தாயில்லாத பிள்ளை, விட்டுவிட்டு வர இடமில்லை. சீராக வந்ததில் அண்டா ஓட்டையாகிவிட்டது, விளக்கு நெளிந்துவிட்டது, இவன் ஒருத்தன்தான் இன்னும் உருப்படியாக இருக்கிறான் என்று அப்பா சொல்வார். அப்படிச் சொல்லும்போது மாமாவின் தலையில் ஒரு குட்டும் வைப்பார். மாமா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும் அம்மா எனக்குத் தலைவாரும்போது அவர் தலையையும் பிடித்து எண்ணெய் வைத்துவிடுவாள். அவரும் காட்டிக்கொண்டிருப்பார்.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஆசை, லாரி ஓட்டவேண்டும். வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மாட்டுவண்டியை ஓட்டும்போதே வாயால் லாரிச் சத்தம் போடுவார். மேட்டில் ஏறும்போது சத்தத்தை மாற்றி ஒரு இழுப்பு இழுப்பார். எங்கள் மாடுகளும் அதற்குப் பழகிப்போய், அந்தச் சத்தம் வந்தால்தான் மேட்டில் ஏறும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டன. அப்பா ஓட்டினால் மேட்டடியிலேயே நின்றுவிடும். பட்டாளத்தில் சேர்ந்தால் லாரி ஓட்டச் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மாமா ஒரு நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆவடிக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்து சொன்ன கதையை இன்றைக்கும் என்னால் நடித்துக் காட்டமுடியும். சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம், மூச்சை இழுக்கச் சொன்னார்களாம். நாடாவைச் சுற்றிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினாராம். மார்பும் போதாது, எடையும் போதாது. பக்கத்தில் இருந்தவர் டாக்டர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னாராம். மாமா அதை அப்படியே அவர் குரலில் சொன்னார்.

"தம்பி, நல்லா கறியும் முட்டையும் துன்னுட்டு தீவாளிக்கு முன்ன வா. அப்ப பாக்கலாம்னு சொல்றாரு தொர."

அப்பாவின் கையில் இருந்த சோறு பாதி வழியில் நின்றுவிட்டது. எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே அதுவரைக்கும் ஒலித்ததே கிடையாது. கோழி எங்கள் வாசல் பக்கம் வந்தால்கூட அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவாள், வந்த இடத்தில் இட்டுத் தொலைத்துவிடப் போகிறதே என்று. மாமாவும் அதைத் தின்னப் போகிறேன் என்று சொல்லவில்லை. தின்னாமல் மார்பு எப்படி வரும் என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பசும்பால் கொடுக்கலாம் என்றால் எங்கள் பசு அப்போது சினை. பால் வற்றிவிட்டது. அப்பா என்னவோ யோசித்துக்கொண்டிருந்தார். குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த அம்மா அதைச் சட்டியில் வைத்தாள். பிறகு பேசினாள்.

"கறி துன்னாதான் நெஞ்சு வருமா? குதுர இன்னா துன்னுது? கொள்ளுதானே துன்னுது. அதும் நெஞ்ச பாத்துகீறியா நீ?"

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மாமாவுக்கு முகம் பூத்துவிட்டது. அவருக்குச் சமையலறை சங்கதி ஒன்றும் தெரியாது. தட்டில் விழுந்ததைத் தின்று வளர்ந்தவர். அக்கா சொன்னால் அது வேதம். மறுநாளே பூந்தமல்லிக்குப் போய் ஜட்கா நிற்கும் இடத்தில் உட்கார்ந்து குதிரைகளின் மார்பை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா சொன்னது சத்தியமான வார்த்தை, ஒரு குதிரைக்காவது மார்பு குறைவாக இல்லை என்று எங்களிடம் வந்து சொன்னார்.

அன்று தொடங்கியது கொள்ளு. அம்மா ஒரு பெரிய பானையில் ஊறவைப்பாள். விடிந்ததும் வேகவைப்பாள். அந்தத் தண்ணீரை வடித்து, புளியும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். காலையில் ஒரு செம்பு, மத்தியானம் சோற்றோடு, சாயங்காலம் மறுபடியும் ஒரு செம்பு. மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, குதிரை மாதிரி ஒரு கனைப்புக் கனைப்பார். என் தம்பி அப்போது தவழ்கிற குழந்தை. அந்தக் கனைப்பைக் கேட்டு அவன் கை கொட்டிச் சிரிப்பான்.

தொட்டுக்கொள்ள அம்மா சுரைக்காய் வைத்தாள், பூசணிக்காய் வைத்தாள், முள்ளங்கி வைத்தாள். கொள்ளு சூடு, இவையெல்லாம் குளிர்ச்சி, சரியாகப் போய்விடும் என்றாள். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்க்கவேண்டியிருந்தது. யுத்த காலத்தில் பருப்புக்கு எங்கே போவது என்றாள். வேர்க்கடலை கேட்டேன். எங்கள் கொல்லையில் விளைந்ததுதான். அதுவும் எள்ளும் மொத்தமாகச் செக்குக்குப் போய்விட்டது என்றாள். பரணில் அண்டா ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதைத் தொடாதே, உள்ளே தேள் இருக்கிறது என்றும் சொல்லி வைத்தாள்.

மாமாவுக்குப் பூந்தமல்லியில் ஒரு சிநேகிதர், தையல்கடை வைத்திருந்த பாய். பட்டாளத்துக்குக் காக்கி தைத்துக் கொடுப்பதால் எந்த மார்பு தேறும் எது தேறாது என்பது அவருக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் நாடாவோடு எங்கள் வீட்டுக்கு வருவார். கிணற்றடியில் மாமாவை நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடி மச்சான் என்று சொல்லி அளப்பார். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். அப்பாகூட எதையோ தேடுகிற மாதிரி கிணற்றடிக்கு வந்துவிடுவார்.

முதல் வெள்ளிக்கிழமை நாடாவில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பாய் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடா நனைந்து நீண்டிருக்கவேண்டும் என்றார். மார்பு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதைத்தான் பாவம் அவர் அப்படிச் சொன்னார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தப்படாதே நைனா, போகப்போகப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கணக்கில் சுமார்தான், ஆனால் கண் நன்றாக இருந்தது. ரசத்துக்குத் தண்ணீரை வடித்த பிறகு பானையில் மிஞ்சும் வெந்த கொள்ளைப் பசுவுக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. தினமும் அதைத் தின்ற பசுவைப் பார்க்கிறேன். விலா மூடி, முதுகு மினுமினுத்து, கழுத்து திரண்டு, அதன் மார்பு ஒரு ஜட்காக் குதிரைக்குக் குறையாமல் இருந்தது. பக்கத்தில் தண்டால் எடுக்கிற மாமாவைப் பார்க்கிறேன், எலும்பை எண்ணலாம். குதிரை ரசமா குடிக்கிறது, கொள்ளைத்தானே தின்கிறது என்று எனக்குத் தோன்றியது. இப்படியே போனால் தீபாவளிக்கு முன்னால் ஆவடியில் எங்கள் பசுதான் தேறும்.

ஆகவே அடுத்த நாள் பசுவுக்குப் போகவேண்டிய பானையோடு மாமாவின் எதிரில் போய் நின்றேன். வழியிலேயே ஒரு வாய் நானும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கொள்ளு அக்கா அனுப்பிச்சுதா என்று மாமா கேட்டார். வாய் நிறையக் கொள்ளு இருந்ததால் என்னால் பேசமுடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே சரியாகத் தெரியாது. மாமா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் தினமும் விருந்துதான். சமையலறையிலிருந்து உப்பை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவருவேன். வேலியோரம் பச்சைமிளகாய் இருந்தது. தேங்காய்ச் சில் ஒன்று கிடைத்த நாள் ராஜபோகம். மாமா மூன்று பங்கு தின்பார், நான் ஒரு கை தின்பேன், மிச்சத்தைப் பசுவுக்கு வைப்போம். அது எங்களைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் குறை இருக்கத்தான் செய்தது. அதற்கு மாமா கூடுதலாகப் புல் அறுத்துப் போட்டு ஈடுகட்டினார். தின்று முடித்ததும் தண்டால். முதுகில் பாரம் வேண்டும் என்று என்னை உட்காரவைத்துக்கொள்வார். மேலே போவேன், கீழே வருவேன், மாமா லாரிச் சத்தம் போடுவார். மேட்டில் ஏறுகிறோம் என்று சொல்லி அந்த இழுப்பை இழுப்பார். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு நான் எத்தனையோ வண்டியில் போய்விட்டேன், அந்தச் சவாரிக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

ஒரே ஒரு கஷ்டம், கொள்ளு தன் வேலையை வேறு விதத்திலும் காட்டியது. சந்தியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா திடீரென்று விடைபெற்றுக்கொண்டு போய்விடுவார். நானும் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் நாடாவைச் சுற்றினார். ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார்.

"அரை வெரக்கட ஏறிகீது மச்சான்," என்றார். "அக்கா கொள்ளு கொள்ளுதான்."

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினார். அப்பா தேடவந்த சாமானை மறந்துவிட்டுச் சிரித்தார். கதவோரம் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. அதே வாரம் எதிர்வீட்டு அத்தை எங்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்கடி உடம்பு பெருத்துவிட்டது, கொள்ளு வேகிறதே என்று கேட்டாள். மாட்டுக்கு என்று அம்மா முகம் மாறாமல் சொன்னாள். மாமாவின் மார்பை ஊர்க்கண்ணிலிருந்து காப்பாற்ற அம்மா எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறாள் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மார்பு ஏறியதைப் பார்த்த அம்மா ரசத்தைக் கூட்டினாள். ரசம் கூடியதால் பானையில் கொள்ளும் கூடியது. பானையில் கூடியதால் கொட்டகையில் விருந்தும் கூடியது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மார்பு இன்னும் ஏறியது. அம்மா இன்னும் பெரிய பானையை எடுத்தாள்.

நவராத்திரி வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு தூக்கோடு வீடுவீடாகப் பாடப் போனேன். எனக்குக் குரல் கிடையாது. ஆனால் பட்டாளத்துக்குப் போகிற மாமாவுக்கு என்று சொன்னால் எந்த வீட்டிலும் ஒரு பிடி சேர்த்துப் போட்டார்கள். கடலை, பயறு, காராமணி, மொச்சை என்று தூக்கு நிறைந்தது. முதல் நாள் அதை நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். விளக்கு வைத்த பிறகு மாமா சுண்டல் தின்றால் வயிற்றைப் பிடிக்கும் என்று சொல்லி அம்மா அதை எடுத்து வைத்துவிட்டாள். மறுநாள் முதல் நான் கொட்டகை வழியாக வீட்டுக்கு வந்தேன். வரும்போது தூக்கு லேசாகத்தான் இருந்தது. இந்த ஊர் ஜனங்களுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று அம்மா கேட்டாள்.

நடுவில் ஒரு நாள் மட்டும் கொள்ளு வேகவில்லை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. திருமழிசையில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது என்று அப்பா வந்து சொன்னார். அந்த வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் இருந்தவன். அம்மா எங்களுக்கு அவலில் வெல்லத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவல் என்றால் எனக்கு உயிர். தந்தி அடிக்கடி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து மாமா ஆவடிக்குக் கிளம்பினார். அம்மா விபூதி இட்டுவிட்டாள். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, சாமி, மாமா மார்பு தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மாவும் அதையேதான் வேண்டுகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருமுனையில் நிஜ லாரிச் சத்தம் கேட்டது. பச்சை லாரி ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து மாமா குதித்தார். தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடினோம். மாமா ஒருவரையும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, மண்ணோடு மண்ணாக அம்மாவின் காலில் விழுந்தார்.

"எல்லாம் உன் கொள்ளுதான்க்கா. ரசத்தோட உட்டியா நீ? தெனம் கொட்டாய்க்கு வேற ஒரு பான கொள்ளு அனுப்சியே, நீ இல்லாங்காட்டி எனுக்கு இந்த நெஞ்சு ஏதுக்கா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பசுவைப் பார்த்தேன். அது வாயை அசைபோட்டுக்கொண்டு, எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்ற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் விழப்போகிற அடிக்கு நான் தோளைக் குறுக்கிக்கொண்டு தயாராக நின்றேன். மாட்டு வாயிலிருந்து பிடுங்குவது எங்கள் வீட்டில் சின்னக் குற்றம் இல்லை, அதுவும் சினைமாடு. ஆனால் அடி விழவில்லை. அம்மா குனிந்து மாமாவைத் தூக்கினாள். அந்த மார்பின் மேல் ஒரு தரம் கையை வைத்துப் பார்த்தாள். நல்லா இருடா ராசா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஏன் என்று மாமா கேட்டதற்கு அடுப்புப் புகை என்றாள். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி. அடி தப்பிய சந்தோஷத்தில் இருந்தவளுக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அது தவிர, பானையைச் சுமந்தது நான், தொண்டை கிழியப் பாடியது நான், பேர் மட்டும் அம்மாவுக்கா என்று எனக்கு ஒரே ஆத்திரம். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன் என்பதால் ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டேன்.

இது விளங்குவதற்கு எனக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. முதல் பிள்ளை பெற்று, உடம்பு ஊதிப்போய் அம்மா வீட்டில் கிடந்தேன். ஒரு நாள் காலையில் அம்மா ஒரு டம்ளரில் சூடாக என்னவோ கொண்டுவந்து நீட்டினாள். வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

"கொள்ளு ரசம். குடிடீ, ஒடம்பு எளைக்கும்."

டம்ளர் கையில் இருக்க, நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு அத்தை கேட்டது, அப்பா வாயைத் திறந்து மூடியது, சுரைக்காய், பூசணிக்காய், பரணில் இருந்த தேள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அப்படியானால் மாமாவுக்கு என்று ஆரம்பித்தேன். அம்மா குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே, குடித்துவிட்டு டம்ளரைக் கொடு என்றாள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.

பட்டாளம் வேண்டாம் என்று அவளால் மாமாவிடம் சொல்ல முடிந்திருக்காது. சொன்னால் அவர் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு ஆயுள் முழுக்க மாட்டுவண்டியில் உட்கார்ந்து வாயால் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த முகத்தை அவளால் பார்க்கமுடியாது. அதனால் அந்தப் பாவத்தை டாக்டரின் நாடா ஏற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறாள். நடுவில் பானையோடு நான் புகுந்தேன்.

மாமா நல்லபடியாகத் திரும்பி வந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கெங்கோ மலைப்பாதையில் எல்லாம் லாரி ஓட்டிவிட்டு, பெரிய மீசையோடு வந்து, பூந்தமல்லி ரோட்டில் வெகுகாலம் பஸ் ஓட்டினார். அங்கே முட்டை தின்றாயா என்று அப்பா சாகும்வரை கேட்டார்; மாமா ஒவ்வொரு தரமும் மீசையைத் தடவுவார். அவருடைய இளைய மகள் காலேஜில் உணவுச் சத்துகளைப் பற்றிப் படித்தவள். ஒரு பொங்கலன்று எல்லோரும் கூடியிருந்தபோது, உடம்பில் சதை பிடிக்கப் புரதம் வேண்டும், கறி தின்னாதவர்கள் பருப்பிலும் பயறிலும் அதை எடுத்துக்கொள்ளலாம், அதிலும் கொள்ளு இருக்கிறதே, அதற்கு மிஞ்சிய தானியம் குறைவு, கழனிவேலை செய்பவன் தினம் அதைத் தின்றால் மார்பு தானாக விரியும் என்று பாடம் எடுத்தாள். காது சரியாகக் கேட்காத அம்மா என்னவாம் என்று கேட்டாள். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று மாமாவுக்குக்கூடத் தெரியவில்லை.

"பொய்யின்னு நெனச்சிகினு நெசத்த சொல்லிட்டேன்டீ," என்றாள் என்னிடம் மட்டும்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு வந்த அறிவு. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. மாமா ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பரணில் கவிழ்த்திருந்த அண்டா கீழே இருந்தது. தேள் எதுவும் இல்லை. சமையலறை முழுக்க எள் வறுபடும் வாசனை. ஒரு முறத்தில் வேர்க்கடலை மலைபோல் குவிந்திருந்தது. இன்னொரு முறத்தில் எள். துவரம்பருப்பும் பயறும் பொட்டுக்கடலையும் வறுத்துத் தனித்தனியாக ஆறவைத்திருந்தாள். அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். வழிக்கு எள்ளுருண்டை, கடலை உருண்டை, போய்ச் சேர்ந்த இடத்தில் கரைத்துக் குடிக்க மாவு. ஒரு ஆளுக்கா ஒரு பட்டாளத்துக்கா என்று அப்பா கேட்டார். அம்மா காதில் வாங்கவில்லை. சூடு பொறுக்காமல் கையை ஊதி ஊதி உருட்டிக்கொண்டே இருந்தாள். உருட்டிய வேகத்தைப் பார்த்தால், அந்த ஒன்றரை மாதக் கடனையும் ஒரே நாளில் தீர்க்க உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். எனக்கு ஒரு பெரிய சந்தேகம்.

"ஏம்மா, இவ்ளோ ஊட்லயே கீதே. இத அப்பவே மாமாவுக்கு குடுத்திருந்தா, மொத வாரமே நெஞ்சு தேறிருக்காது?"

அம்மாவின் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லப்போகிறாள் என்று நானும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தேன். அப்போதுதான் உருட்டிய எள்ளுருண்டை ஒன்றை எடுத்து அந்த வாய்க்குள் வைத்து அடைத்தாள். பெரிய உருண்டை. அதற்குப் பிறகு வெகுநேரம் என்னால் எதையும் கேட்கமுடியவில்லை.